ஏலத்துக்கு ஓவியம் கொடுக்குமுன்: கேள்வி பதில்

கேள்வி: நிதி திரட்டும் ஏலத்துக்கு முதன்முறையாக என்னிடம் ஓவியம் கேட்டிருக்கிறார்கள். எதையெல்லாம் பேசிக்கொள்ள வேண்டும், அம்மா?

பதில்: கையொப்பமிட்ட காகிதம் இல்லாமல் படத்தை வீட்டை விட்டு அனுப்பாதீர்கள். அடிவிலை, அதாவது அதற்குக் கீழே விற்கக் கூடாத விலை என்ன, விற்காவிட்டால் யார் செலவில் திரும்பி வரும், வழியில் சேதமானால் யார் பொறுப்பு, வாங்கியவர் பெயரை உங்களுக்குச் சொல்வார்களா என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். பதிப்புரிமை உங்களிடமே இருக்கும் என்றும் எழுதிவிடுங்கள். படத்தைக் கொடுத்தால், அதை நாட்காட்டியில் அச்சிடும் உரிமையும் சேர்ந்து போய்விட்டதாகப் பலர் நினைக்கிறார்கள்.

கேள்வி: விற்காமல் கிடக்கும் பழைய படத்தைக் கொடுக்கலாமா?

பதில்: நீங்களே விரும்பாத படம் என்றால் வேண்டாம். ஒருவர் வீட்டுச் சுவரில் உங்கள் பெயரோடு இருபது ஆண்டுகள் தொங்கப்போகிறது அது.

கேள்வி: தைலவண்ணப் படம் முடித்து மூன்று வாரம் ஆகிறது. தொட்டால் ஒட்டவில்லை. அனுப்பலாமா?

பதில்: மேற்பரப்பு காய்ந்திருக்கும், உள்ளே காய்ந்திருக்காது. வண்ணம் தடிமனாக இருந்தால் வார்னிஷ் பூசவே ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை பொறுக்க வேண்டும். குமிழ் உறையை நேராகப் படத்தின் மேல் சுற்றிவிடாதீர்கள். என் படமொன்றில் வானம் முழுவதும் வரிசை வரிசையாக வட்டத் தடங்கள் பதிந்து வந்தன. நன்கு காய்ந்த படத்தின் மேல் கிளாசின் என்னும் வழவழப்பான மெல்லிய தாளைப் போர்த்தி, அதற்கு மேல் குமிழ் உறையைச் சுற்றுங்கள்.

கேள்வி: தானமாகக் கொடுக்கும் படத்துக்கு அடிவிலை கேட்பது முறையா?

பதில்: முறைதான். ஒருமுறை நான் கேட்காமல் விட்டேன். என் படத்தை வாசனைத் திரவியப் பெட்டிக்கும் விருந்துச் சீட்டுக்கும் நடுவே மேசையில் சாய்த்து வைத்திருந்தார்கள். முன்னால், வாங்க விரும்புவோர் பெயரும் தொகையும் எழுதும் ஓர் ஏலத்தாள், அதில் பென்சிலில் இரண்டே பெயர்கள். இரண்டாவது தொகை படத்துக்குச் சட்டம் போட நான் கொடுத்த கூலியைக்கூட எட்டவில்லை. அந்தத் தாளைக் குனிந்து படித்துக்கொண்டிருந்தவர், முந்தைய ஆண்டு அதே அளவுப் படத்தை என்னிடம் முழு விலை கொடுத்து வாங்கியவர். என்னை நிமிர்ந்து பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அடிவிலை கேட்பது எனக்காக அல்ல, அவரைப் போல என்னை நம்பி வாங்கியவர்களுக்காக.

கேள்வி: கொடுப்பதென்று முடிவான பிறகு விலை பேசினால் அது தானமா, வியாபாரமா?

பதில்: ஒரு காசும் என் கைக்கு வரப்போவதில்லை. இதில் வியாபாரம் எங்கே இருக்கிறது?

கேள்வி: நான் இத்தகைய ஏலங்களை நடத்துபவன். அடிவிலையால் படம் விற்காமல் திரும்பினால் எங்களுக்கு எதுவுமே கிடைக்காதே, அம்மா.

பதில்: உங்கள் கவலை நியாயமானது. அதனால்தான் என் வழக்கமான விலையில் பாதியையே அடிவிலையாகச் சொல்கிறேன். மீதியை நீங்கள் செய்ய வேண்டும். படத்தை மேசையிலிருந்து எடுத்துச் சுவரில் வெளிச்சம் படும்படி மாட்டுங்கள். கூவி ஏலம் விடுங்கள். படம் வாங்கும் பழக்கமுள்ள நான்கு பேரையாவது அழையுங்கள். பிரிட்டனின் புகழ்பெற்ற தெரு ஓவியர் பாங்க்ஸி 2020இல் சவுத்தாம்ப்டன் மருத்துவமனைக்குக் கொடுத்த ஓவியம், 2021இல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 1.67 கோடி பவுண்டுக்கு மேல் போனது. அவர் பெயர் நமக்கு இல்லைதான். ஆனால் அந்தப் படத்தை வாங்கக்கூடியவர்கள் கூடும் இடத்தில் வைத்தார்கள். அதை எந்த அமைப்பும் செய்யலாம்.

கேள்வி: தானமா, வியாபாரமா என்று முன்பு கேட்டது நான்தான். மறுபடியும் சொல்கிறேன், கொடுப்பவர் கணக்குப் பார்க்கக் கூடாது.

பதில்: அப்படியானால் இன்னொரு வழி இருக்கிறது. படத்தை உரிய விலைக்கு நீங்களே விற்று, வந்த பணத்தை முழுவதுமாகக் கொடுத்துவிடுங்கள். பல சமயம் அவர்களுக்கு அதில்தான் கூடுதலாகக் கிடைக்கும். நான் இப்போது பெரும்பாலும் அதைத்தான் செய்கிறேன்.

கேள்வி: படத்தின் மதிப்பு முழுவதுக்கும் வரிச்சலுகை கிடைக்குமா?

பதில்: நாட்டுக்கு நாடு மாறும், உங்கள் கணக்கரைக் கேளுங்கள். அமெரிக்காவில் 1969ஆம் ஆண்டின் வரிச்சட்டத்துக்குப் பிறகு, வரைந்தவரே கொடுத்தால் வண்ணம், கேன்வாஸ் போன்ற பொருட்செலவை மட்டுமே கழிக்கலாம். அதே படத்தை வாங்கி வைத்திருந்தவர் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தால் சந்தை மதிப்பையே கழிக்க வழியுண்டு. வரைந்தவருக்கு இது அநீதி என்றே நினைக்கிறேன்.

கேள்வி: அக்ரிலிக் படத்துக்கு வரிச்சலுகை உண்டா?

பதில்: மேலே உள்ள பதிலேதான்.

கேள்வி: பெயர் பரவும் என்கிறார்களே?

பதில்: வாங்கியவர் பெயரையே சொல்லாத ஏலத்தில் எப்படிப் பரவும்? காகிதத்தில் எழுதி வாங்குங்கள்.

கேள்வி: மாதம் நான்கு அமைப்புகள் கேட்கின்றன. மறுக்க மனம் வரவில்லை.

பதில்: ஆண்டுத் தொடக்கத்திலேயே உங்கள் மனத்துக்கு நெருக்கமான ஒன்றைத் தேர்ந்துவிடுங்கள். மற்றவர்களிடம் "இந்த ஆண்டுக்குக் கொடுத்துவிட்டேன்" என்று சொல்லுங்கள். அது உண்மையும்கூட.

கேள்வி: நேற்றே காகிதம் இல்லாமல் கொடுத்துவிட்டேன், அம்மா.

பதில்: இன்றே படத்தின் பெயர், அளவு, அடிவிலை மூன்றையும் எழுதி அனுப்பி, ஒப்புதல் கேளுங்கள். ஏலம் எந்தத் தேதியில்?