எப்சிலானைச் சொல்வது நீங்கள் அல்ல

கேள்வி: பி.எஸ்சி. கணிதம் முதலாண்டு படிக்கிறேன். ஒரு தொடர்முறை எந்த எண்ணை நெருங்கிக்கொண்டே போகிறதோ அதுதான் அதன் எல்லை என்று பிளஸ் டூவில் புரிந்துவைத்திருந்தேன். இப்போது எப்சிலான் (ε), ‘என்’ (N) என்று எழுதச் சொல்கிறார்கள். மனப்பாடம் செய்துவிட்டேன், புரியவில்லை. பழைய விளக்கத்தில் என்ன குறை?
– மாணவி, கும்பகோணம்

பதில்: 1, 1/2, 1/3, 1/4... என்ற தொடர்முறை 0-வை நெருங்கிக்கொண்டே போகிறது. சரி. ஆனால் –1-ஐயும்தான் நெருங்கிக்கொண்டே போகிறது! –1-லிருந்து உறுப்புகளின் தூரம் 2, 3/2, 4/3 என்று குறைந்துகொண்டே வருவதைப் பாருங்கள். அதற்காக –1-ஐ எல்லை என்போமா? இன்னொன்று: 1, 1/4, 1/3, 1/16, 1/5, 1/36... இரட்டைப்படை இடங்களில் மட்டும் பகுதியை வர்க்கமாக்கியிருக்கிறேன். இது நெருங்குகிறது, விலகுகிறது, மறுபடி நெருங்குகிறது. இருந்தும் எல்லை 0தான்.

ஆகவே கேட்கவேண்டியது வேறு: எவ்வளவு நெருக்கம் கேட்டாலும் கிடைக்குமா, கிடைத்தபின் நிலைக்குமா? அந்த ‘எவ்வளவு’தான் எப்சிலான். அதைச் சொல்பவர் உங்களை நம்பாத ஒருவர். பூச்சியத்தைவிடப் பெரிதாக இருந்தால் போதும், எவ்வளவு சிறிய எண்ணையும் அவர் சொல்லலாம். அவர் 0.01 என்றால், “100-வது உறுப்புக்குப் பிறகு எல்லாமே 0-விலிருந்து 0.01-க்குள்தான்” என்கிறீர்கள். அந்த 100தான் ‘என்’. 0.001 என்றால் 1000. 5000 என்று சொன்னாலும் தவறில்லை. மிகச் சிறிய ‘என்’னைத் தேடித் தேர்வில் நேரத்தை வீணாக்குபவர்கள் ஏராளம். –1-க்கு வாதாடினால் அவர் 1/2 என்று சொன்னதுமே தோற்றுவிடுவீர்கள்: எந்த உறுப்பும் –1-லிருந்து 1-ஐவிடக் குறைந்த தூரத்தில் இல்லை.

வரிசையை மட்டும் மாற்றிவிடாதீர்கள். ‘என்’னை முதலில் சொல்லி, அது எல்லா எப்சிலானுக்கும் பொருந்தவேண்டும் என்றால், அதற்குப் பிந்தைய உறுப்புகள் அத்தனையும் எல்லைக்குச் சமமாகவே இருந்தாக வேண்டும். 1, 1/2, 1/3...கூட அதில் தேறாது.

உங்கள் பழைய விளக்கத்துக்காக வெட்கப்பட வேண்டாம். 1821-இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் கோஷியே ‘நெருங்குதல்’ என்ற சொல்லில்தான் தொடங்கினார். ஆனால் ‘விரும்பிய அளவு சிறிய வேறுபாடு’ என்பதையும் சேர்த்துச் சொன்னார்; எப்சிலானின் வேலை அதில் இருக்கிறது.

1, –1, 1, –1... என்பதற்கு எல்லை இல்லை என்று இனி நீங்களே நிறுவிப் பாருங்கள். இப்போது நம்பாதவர் நீங்கள். எப்சிலான் 1 என்று சொல்லித் தொடங்குங்கள்.