பாட்டுக்குப் பல் விழுந்தால்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: மகனின் போனில் சில பாட்டுகளுக்குப் பக்கத்தில் 'ஈ' என்று ஆங்கில எழுத்து நிற்கிறது. எக்ஸலன்ட் பாட்டு என்கிறான். அப்படியா? (சத்துவாச்சாரி)

பதில்: பையன் பிழைத்துக்கொள்வான். அது எக்ஸ்ப்ளிசிட். கெட்ட வார்த்தை உண்டு என்று அர்த்தம்.

கேள்வி: தம்பி பிறந்தநாளுக்கு ஆன்லைனில் 1,850 ரூபாய் கொடுத்து அமெரிக்க ராப் சிடி வாங்கினேன். விளம்பரப் படத்தில் அட்டை மூலையில் கறுப்பு வெள்ளை எச்சரிக்கைச் சீட்டு இருந்தது. வந்த சிடியில் சீட்டும் இல்லை, பாதி வார்த்தையும் இல்லை. 'சிடி ஓடுகிறதே, திரும்ப எடுக்க முடியாது' என்கிறார்கள். (காட்பாடி வாசகி)

பதில்: நியாயம் உங்கள் பக்கம்தான் அம்மா. அந்தச் சீட்டு, 'இதில் கெட்ட வார்த்தை உண்டு, பெற்றோர் கவனிக்க' என்கிற எச்சரிக்கை. அது உள்ள சிடியில் பாடகர் பாடியது அப்படியே இருக்கும். 'கிளீன்', 'எடிட்டட்' என்று வருபவை, கெட்ட வார்த்தையை ஊமையாக்கியோ, ஒலியைத் திருப்பிப் போட்டோ, வேறு சொல் வைத்தோ வெளியிட்டவை. அமெரிக்காவில் வால்மார்ட் போன்ற பெரிய கடைகள் சீட்டு ஒட்டிய சிடியை வைக்க மறுத்ததால், அங்கே விற்கவென்றே கம்பெனிகள் இப்படி இரண்டாவது பதிப்பு போட்டன. அதில் தப்பில்லை. குழந்தை இருக்கும் வீட்டுக்கு அதுதான் வேண்டும். ஆனால் இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே அட்டைப் படம். ஒன்றைக் காட்டி இன்னொன்றை அனுப்புகிறார்கள் பாருங்கள், அதில்தான் எனக்கு வயிற்றெரிச்சல்.

காரணம், நானும் பட்டவன். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில், அக்கா பையனுக்காக இப்படி ஒரு சிடி வாங்கினேன். வீட்டில் போட்டால் விட்டு விட்டுப் பாடுகிறது. பிளேயர் கெட்டுவிட்டது என்று மெக்கானிக்கிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவர் லென்ஸைத் துடைத்தார், 150 ரூபாய் வாங்கினார், ரெண்டு பாட்டு கேட்டார். "பிளேயர் நல்லாத்தான் இருக்கு சார், பாட்டுக்குத்தான் பல்லு விழுந்திருக்கு" என்றார். அட்டையைத் திருப்பினால், பார்கோடுக்குக் கீழே கொசு முட்டை சைஸில் 'எடிட்டட் வெர்ஷன்'. ஆறு உண்டு தண்ணீர் இல்லை, கோட்டை உண்டு ராஜா இல்லை என்று நம்ம வேலூரைக் கேலி செய்வார்களே, அந்த வரிசையில் என் வீட்டில் பாட்டு உண்டு வார்த்தை இல்லை.

சரி, உங்கள் விஷயம். பழுதானால்தான் திரும்ப எடுக்க வேண்டும் என்பது இல்லை. விளம்பரத்தில் காட்டிய தன்மை பொருளில் இல்லாவிட்டாலும் விற்பவர் மறுக்கக் கூடாது என்று 2020 மின்வணிக விதிகள் சொல்கின்றன. அந்தப் பக்கத்தை மாற்றுவதற்குள் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் ஒப்புகை, ஒரு மாதத்தில் தீர்வு தர வேண்டும். நகரவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகார்க் கட்டணம் இல்லை.

கேள்வி: அந்தச் சீட்டு அமெரிக்க அரசு ஒட்டுவதா? (ஆம்பூர்)

பதில்: இல்லை. வாஷிங்டன் அரசியல் புள்ளிகளின் மனைவிமார் சிலர் பாட்டில் ஆபாசம் என்று 1985-இல் கொடி பிடித்ததில், எச்சரிக்கை போட இசைக் கம்பெனிகளின் சங்கம் ஒப்புக்கொண்டது. 1990-இல்தான் எல்லோருக்கும் ஒரே மாதிரிச் சீட்டு வந்தது. ஒட்டுவதும் ஒட்டாததும் கம்பெனியின் முடிவு. நம்ம சினிமா சென்சார் சர்ட்டிபிகேட் மாதிரி நினைக்காதீர்கள்.

கேள்வி: செல்போனில் கேட்ட சினிமாப் பாட்டு தியேட்டரில் ஒரு இடத்தில் ஊமையாகிவிட்டது. டிக்கெட் காசைக் கேட்கலாமா? (குடியாத்தம்)

பதில்: கேட்கலாம், கிடைக்காது. படத்துக்குத் தணிக்கை உண்டு, தனியாக வரும் பாட்டுக்கு இல்லை.

கேள்வி: எடிட்டட் சிடியைத் தெரியாமல் வாங்கி மூன்று வருஷம் ஆகிறது. பில் தொலைந்துவிட்டது. அட்டையில் எழுதியிருந்ததை இப்போதுதான் படித்தேன். வழக்குப் போடலாமா? (ஆற்காடு)

பதில்: மூன்று வருஷமாகவா அட்டையைப் படித்தீர்கள்? புகாருக்குக் கெடு இரண்டு வருஷம். அடுத்த கடிதம்.

கேள்வி: ஸ்பாட்டிஃபையில் எக்ஸ்ப்ளிசிட் பாட்டைத் தடுத்துவிட்டேன். இனி பிள்ளைகளிடம் நிம்மதியாகப் போனைக் கொடுக்கலாமா? (ராணிப்பேட்டை)

பதில்: ஆங்கிலப் பாட்டில் ஓரளவுக்கு. அந்தக் குறியைப் பாட்டைத் தருகிற கம்பெனிதான் போடுகிறது. அது போடாவிட்டால் ஆப்புக்குத் தெரியாது. நம்ம குத்துப்பாட்டில் வாழைப்பழத்தையும் மல்லிகைப்பூவையும் வைத்து என்னென்னவோ பாடுகிறார்கள், அதற்கெல்லாம் எந்தக் குறியும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அர்த்தம் கேட்டால் மட்டும் எனக்கு எழுதாதீர்கள்.