அடுத்த சென்னை மேயர் யார்? பெயர் சொல்வதற்கு முன்னால் சில பதில்கள்

சென்னை மாநகராட்சியின் அடுத்த மேயர் இவர்தான், அவர்தான் என்று பெயர்கள் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. உள்ளாட்சித் தேர்தல்களைப் பல வருடமாகக் கவனித்து வருகிறேன், கேளுங்கள் என்றேன். நிறையப் பேர் கேட்டீர்கள். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இட ஒதுக்கீடு என்ன, தேர்தல் முறை என்ன, எந்த வார்டு, இந்த மூன்றுக்கும் பதில் இல்லாமல் யார் எந்தப் பெயரைச் சொன்னாலும் நான் நம்புவதில்லை.

சுத்தி வளைக்காம ஒரு பெயர் சொல்லுங்க. யாருக்கு வாய்ப்பு அதிகம்?

சொல்ல மாட்டேன், ஏனென்று சொல்கிறேன். போன தடவை என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். 2021 முழுக்கப் பெரிய பெயர்களாகப் பேசினோம், அதில் பாதிக்கு மேல் ஆண்கள். 2022 ஜனவரியில் சென்னை மேயர் பதவி பட்டியலினப் பெண்களுக்கு என்று அரசு அறிவித்ததும் அத்தனை பெயர்களும் ஒரே நாளில் உதிர்ந்துவிட்டன. மார்ச் 4 அன்று 74-வது வார்டு கவுன்சிலர் ஆர். பிரியா, 28 வயதில், போட்டியின்றி மேயரானார். இந்தப் பதவிக்கு வந்த முதல் பட்டியலினப் பெண் அவர். தாரா செரியன், காமாட்சி ஜெயராமன் ஆகியோருக்குப் பிறகு மூன்றாவது பெண் மேயர். ஆறு மாதம் முன்பு அவர் பெயரை எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்?

அதனால் பெயரைத் தேடாதீர்கள், அரசிதழைத் தேடுங்கள். மேயர் பதவி பொதுவா, பெண்களுக்கா, பட்டியலினத்தவருக்கா என்பது அதில்தான் வரும். அதோடு ஒவ்வொரு வார்டின் ஒதுக்கீட்டையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் 200 வார்டுகளில் ஏறக்குறைய பாதி பெண்களுக்கு. ஒருவர் இருபது வருடமாக வளர்த்து வைத்த வார்டு பெண்கள் வார்டாக மாறிவிட்டால், அவர் பக்கத்து வார்டுக்குப் போய்ச் சீட்டுக்கு மல்லுக்கட்ட வேண்டும், இல்லையென்றால் மனைவியை நிறுத்த வேண்டும். இரண்டாவதுதான் அதிகம் நடக்கிறது. அப்படி வந்த பெண்களைக் 'கையெழுத்துப் போட மட்டும்' என்று ஒதுக்கிப் பேசுவதை நான் ஏற்க மாட்டேன். நன்றாக வேலை செய்கிற பல கவுன்சிலர்கள் இந்த வழியில் வந்தவர்கள்தான்.

தேர்தல் எப்போ வரும்?

மன்றத்தின் பதவிக்காலம் முதல் கூட்டத்திலிருந்து ஐந்து வருடம் என்று அரசியலமைப்பே சொல்கிறது. இப்போதைய மன்றம் 2022 மார்ச்சில் கூடியது, ஆக 2027 மார்ச் தொடக்கம் வரை. அதற்குள் தேர்தல் முடிந்திருக்க வேண்டும். ஆனால் இது எழுத்தில் இருப்பது. 2016 அக்டோபரில் நடக்கவிருந்த தேர்தலை, பழங்குடியினர் ஒதுக்கீடு சரியாகச் செய்யப்படவில்லை என்ற வழக்கில் உயர் நீதிமன்றம் நிறுத்தியது. அதற்குப் பிறகு சென்னைக்குக் கவுன்சிலர் கிடைக்க 2022 ஆகிவிட்டது. அந்த ஐந்து வருடத்துக்கு மேல் தனி அதிகாரிகள் ஆட்சிதான். வார்டில் விளக்கு எரியாவிட்டாலும் யாரிடம் போவது என்று தெரியாமல் நின்றோம். 1973 முதல் 1996 வரை இன்னும் மோசம், தேர்ந்தெடுத்த மன்றமே கிடையாது. எனவே 'யார் மேயர்' என்று கேட்கிற அதே வேகத்தில் 'தேர்தல் நேரத்துக்கு நடக்குமா' என்றும் கேளுங்கள், எனக்கு அதுதான் பெரிய கவலை.

நாம நேரடியா மேயருக்கு ஓட்டுப் போட முடியாதா? முன்னாடி போட்டோமே?

போட்டோம். 1996-ல் மு.க. ஸ்டாலின் நேரடியாக மக்கள் ஓட்டில் வென்ற முதல் சென்னை மேயர், 2001-ல் மறுபடியும் வென்றார். 2006-ல் முறை மாறியது, கவுன்சிலர்கள் மா. சுப்பிரமணியனைத் தேர்ந்தெடுத்தார்கள். 2011-ல் மறுபடி நேரடித் தேர்தல், சைதை துரைசாமி 5 லட்சத்துக்கும் மேற்பட்ட ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். அப்புறம் 2016-ல் மறைமுகம் என்று சட்டத் திருத்தம், 2018-ல் நேரடி என்று திருத்தம், 2019-ல் அவசரச் சட்டம் போட்டு மறுபடி மறைமுகம். எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் தனக்கு எது வசதியோ அதை வைத்துக்கொண்டது, இதை எந்தக் கட்சிக்காரர் கோபித்துக்கொண்டாலும் சொல்வேன்.

இப்போதிருக்கும் மறைமுக முறையில் நீங்கள் உங்கள் கவுன்சிலருக்குத்தான் ஓட்டுப் போடுகிறீர்கள். 200 கவுன்சிலர்கள் கூடி மேயரைத் தேர்ந்தெடுப்பார்கள். பெயரை முடிவு செய்வது பெரும்பான்மைக் கட்சியின் தலைமை. முறை மாறினால் யூகமும் அடியோடு மாறும். நேரடித் தேர்தல் என்றால் ஊர் முழுக்கத் தெரிந்த முகம் வேண்டும், மறைமுகம் என்றால் ஒரு வார்டில் ஜெயித்தால் போதும், மீதியைத் தலைமை பார்த்துக்கொள்ளும். சைதை துரைசாமி அதே 2011 ஏப்ரல் சட்டசபைத் தேர்தலில் கொளத்தூரில் ஸ்டாலினிடம் சுமார் 2,700 ஓட்டில் தோற்றவர், ஆனால் அந்தப் போட்டியே அவரை நகரம் முழுக்க அறியவைத்தது. மறைமுக முறையில் அந்த மாதிரி அறிமுகத்துக்கு வேலை குறைவு.

ஒரு பெரிய நடிகரோ, தலைவர் வீட்டு வாரிசோ நேரா மேயரா வர வாய்ப்பு இருக்கா?

சட்டம் தடுக்காது. 21 வயது ஆகியிருக்க வேண்டும், மாநகராட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். ஆனால் முதலில் ஒரு வார்டில் கவுன்சிலராக நிற்க வேண்டுமே! கால்வாய் அடைப்பு, குப்பைத் தொட்டி, தெருநாய் என்று வீடு வீடாகக் கேள்வி வரும். பெரிய பெயர்கள் இதற்கு இறங்குவது அபூர்வம். அதோடு எம்எல்ஏவாகவும் மேயராகவும் ஒரே நேரத்தில் இருக்க முடியாது என்று 2002-ல் சட்டம் வந்தது, ஸ்டாலின் மேயர் பதவியை விட்டது அதனால்தான். சட்டசபைக்குப் போகிற எண்ணம் உள்ளவருக்கு ஐந்து வருடம் மாநகராட்சியின் ரிப்பன் மாளிகையில் உட்கார மனசு வராது.

கட்சிக்குப் பெரும்பான்மை இருந்தா தலைமை சொன்ன ஆள்தான் மேயர், அதுல என்ன யூகம் வேண்டிக் கிடக்கு?

நல்ல கேள்வி. சென்னையில் 2022-ல் அப்படித்தான் நடந்தது. திமுக மட்டுமே 153 இடம், அதிமுக 15, காங்கிரஸ் 13. எதிர்ப்பே இல்லை. ஆனால் எல்லா ஊரும் சென்னை இல்லை. திருநெல்வேலி மேயர் 2024 ஜூலையில் ராஜினாமா செய்தார். ஆகஸ்டில் திமுக தலைமை அறிவித்த வேட்பாளர் கோ. ராமகிருஷ்ணனை எதிர்த்து அதே கட்சிக் கவுன்சிலர் ஒருவர் நின்று 23 ஓட்டு வாங்கினார், ராமகிருஷ்ணனுக்கு 30. மொத்தம் 55 பேர் உள்ள மன்றத்தில், எதிர்க்கட்சிக்குக் கை விரலில் எண்ணும் அளவே கவுன்சிலர்கள் இருந்த ஊரில் இது நடந்தது. ஓட்டு ரகசியம். எம்பி, எம்எல்ஏக்களைக் கட்டிப்போடும் கட்சித்தாவல் தடைச் சட்டம், அதாவது அரசியலமைப்பின் பத்தாவது அட்டவணை, கவுன்சிலர்களுக்குப் பொருந்தாது. ஆகவே ஒரு கட்சிக்கு 105, 110 என்று சிறிய பெரும்பான்மை வந்தால் நிலைமையே வேறு. அப்போது யாருக்கு எத்தனை கவுன்சிலர்கள் விசுவாசம், எந்த மாவட்டச் செயலாளர் யாரைத் தூக்கிப் பிடிக்கிறார் என்பதெல்லாம் கணக்கில் வரும்.

கூட்டணிக் கட்சிக்கு சென்னை மேயர் பதவி கிடைக்குமா?

ரொம்பக் கஷ்டம். 2022-ல் 21 மாநகராட்சிகளில் கும்பகோணம் மட்டும் காங்கிரசுக்குப் போனது, ஆட்டோ ஓட்டுநரான சரவணன் அங்கே முதல் மேயரானார். எனக்கு மிகவும் பிடித்த தேர்வு அது. ஆனால் சென்னையைத் தனிப் பெரும்பான்மை உள்ள எந்தக் கட்சியும் விட்டுக்கொடுக்காது. தனிப் பெரும்பான்மை இல்லாவிட்டால் பேரம் துணை மேயரில் தொடங்கும், நிலைக்குழுத் தலைவர், மண்டலத் தலைவர் என்று இறங்கும்.

மேயருக்கு அதிகாரமே இல்லைங்கிறாங்க. எல்லாம் கமிஷனர்தானே? அப்புறம் யார் வந்தா என்ன?

நிர்வாகம் கமிஷனர் கையில் இருக்கிறது, உண்மை. குடிநீர் வாரியம், பஸ், சிஎம்டிஏ (பெருநகர வளர்ச்சிக் குழுமம்) எதுவும் மேயரின் கீழ் வராது, அதுவும் உண்மை. ஆனாலும் யார் வந்தால் என்ன என்பதை ஒப்புக்கொள்ள முடியாது. மன்றக் கூட்டத்தை நடத்துவது மேயர்தான். எந்தக் கவுன்சிலருக்குப் பேச நேரம் கிடைக்கிறது, பட்ஜெட்டில் பள்ளிக்கூடத்துக்கும் மழைநீர் வடிகாலுக்கும் எவ்வளவு முக்கியத்துவம், வெள்ளம் வந்த ராத்திரி அதிகாரிகளைத் தெருவில் நிற்க வைப்பது யார், இதிலெல்லாம் ஆளுக்கு ஆள் வித்தியாசம் தெரியும். அதிகாரம் குறைவான பதவியில் ஆளின் தரம் இன்னும் அதிகமாக எண்ணப்பட வேண்டும்.

சுயேச்சையா நிக்கலாம்னு இருக்கேன். முட்டாள்தனமா?

இல்லவே இல்லை. 2022-ல் சென்னையில் ஐந்து சுயேச்சைகள் ஜெயித்தார்கள். டெபாசிட் 4,000 ரூபாய், பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் பாதி. இதெல்லாம் அப்போதைய தொகை, அடுத்த அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: சென்னையில் அந்தத் தேர்தலில் ஓட்டுப் போட்டவர்கள் சுமார் 43 சதவீதம்தான், மாநிலத்திலேயே மிகக் குறைவு. போடாத அந்தப் பாதிக்கு மேற்பட்டவர்களில் உங்கள் தெருவில் நூறு, இருநூறு பேரைக் கூட்டிவந்தாலே வார்டு முடிவு மாறும். மேயர் கனவை இப்போது ஒதுக்கி வையுங்கள், வார்டை ஜெயியுங்கள்.

தினமும் ஒரு 'உறுதியான தகவல்' வருது. எதை நம்பலாம்?

அந்தப் பெயருக்கு வார்டு எண் சொல்லியிருக்கிறார்களா என்று பாருங்கள். வார்டு இல்லாமல் வரும் பெயர் பெரும்பாலும் அவரே, அல்லது அவருக்கு ஆகாதவர்கள் கிளப்பிவிட்டது. சீட் கேட்கும் காலத்தில் ஒருவர் பெயரை முன்கூட்டியே மேயர் என்று பரப்பினால், அதே கட்சியில் போட்டியிருக்கும் நாலு பேர் சேர்ந்து அவரை வார்டிலேயே வெட்டிவிடுவார்கள். எனவே சில வதந்திகள் ஆதரவு இல்லை, குழி.

வேட்புமனுத் தாக்கல் முடிஞ்ச பிறகு மறுபடியும் இதே மாதிரி கேள்வி கேக்கலாமா?

தாராளமாக. அப்போது ஒதுக்கீடும் 200 வார்டு வேட்பாளர் பட்டியலும் கையில் இருக்கும். மேயர் பதவிக்குத் தகுதி உள்ளவர்களை எண்ணினால் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடுவார்கள், அதை வைத்துக்கொண்டு பெயர் பெயராகப் பேசுவோம்.