ஆபா எண், கண் படம், நீக்கிய பெயர்: கேட்டவர்களுக்குப் பதில்

திண்டுக்கல் வாசகர்: ஆபா எண் எடுத்தால் 5 லட்ச ரூபாய் காப்பீடு கிடைக்குமா?

கிடைக்காது. ஆபா என்பது 'ஆயுஷ்மான் பாரத் ஹெல்த் அக்கவுன்ட்' என்பதன் சுருக்கம். அந்த 14 இலக்க எண் உங்கள் மருத்துவக் குறிப்புகளைக் கோக்கும் நூல் மட்டுமே. காப்பீட்டுத் திட்டம் வேறு. இரண்டின் பெயரிலும் 'ஆயுஷ்மான்' இருப்பதால் வந்த குழப்பம். எண் எடுத்துத் தருவதாகத் தொலைபேசியில் யார் ஓடிபி கேட்டாலும் சொல்லாதீர்கள்.

கும்பகோணம் வாசகி: சர்க்கரை நோயால் கண் கெடுவதைக் கணினியே கண்டுபிடிக்கிறதாமே? இனி டாக்டர் எதற்கு?

அந்தக் கணினிக்குப் பாடம் எடுத்ததே டாக்டர்கள்தான், அம்மா. 2016இல் கூகுள் குழு வெளியிட்ட ஆய்வில் 1,28,175 விழித்திரைப் படங்களை 54 மருத்துவர்கள் பகிர்ந்து பார்த்துக் குறித்தார்கள். மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா படங்களும் அதில் உண்டு. முடிவு அபாரம். பிறகு அதைத் தாய்லாந்தின் சிறு மருத்துவ நிலையங்களுக்குக் கொண்டுபோனார்கள். அறை போதிய இருட்டாக இல்லை, இணையமோ ஆமை வேகம். ஏறத்தாழ ஐந்தில் ஒரு படத்தைத் தெளிவில்லை என்று கணினி தள்ளிவிட்டது. அதனால் கண்ணில் கோளாறே இல்லாதவரும் ஒருநாள் கூலியை விட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அலைய நேர்ந்தது. கருவி வாங்குமுன் ஜன்னலுக்குத் திரை வாங்குங்கள் என்று நான் சொன்னால் சிரிக்கிறார்கள்.

சேலம் வாசகர்: ஆபா இருந்தால் அறுவை சிகிச்சை இலவசமா?

இல்லை. முதல் பதிலைப் பாருங்கள். ஓடிபி எச்சரிக்கையும் அங்கேயே.

சென்னை வாசகர்: மருத்துவக் குறிப்புகளைப் பெயரை நீக்கிவிட்டு ஆராய்ச்சிக்குக் கொடுத்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

1990களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் அப்படித்தான் நினைத்து, அரசு ஊழியர்களின் மருத்துவத் தரவைப் பெயர் நீக்கிக் கொடுத்தார்கள். லடான்யா ஸ்வீனி என்ற மாணவி 20 டாலருக்கு வாக்காளர் பட்டியல் வாங்கினார். பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு மூன்றையும் பொருத்தினார். ஆளுநர் வில்லியம் வெல்டின் மருத்துவக் குறிப்பே கைக்கு வந்தது.

அதே வாசகர்: இப்படிப் பயமுறுத்தினால் ஆராய்ச்சியே நடக்காது. பிரிட்டனில் தரவைத் திறந்ததால்தானே கோவிட் மருந்து கிடைத்தது?

நல்ல இடத்தில் கை வைத்தீர்கள். கோவிட் நோயாளிகளிடம் மருந்துகளைச் சோதித்த பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வு 2020 மார்ச்சில் தொடங்கியது. ஜூன் 16இல் டெக்ஸாமெத்தசோன் என்ற மலிவு மருந்து, வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பை மூன்றில் ஒரு பங்கு குறைப்பதாக அறிவித்தார்கள். படிவம் சிறியது, பிழைத்தார்களா என்பதை அரசு மருத்துவப் பதிவேடுகளோடு இணைத்துத் தெரிந்துகொண்டார்கள். ஆனால் நோயாளியிடமோ, அவர் நினைவிழந்திருந்தால் அவர் சார்பில் பேசக்கூடியவரிடமோ சம்மதம் பெற்றே சேர்த்தார்கள். நீங்களோ கேட்காமலே எடுக்கச் சொல்கிறீர்கள்.

அதே வாசகர்: லட்சம் பேரிடம் எப்படிக் கேட்பது?

பழைய பதிவேடுகள் என்றால் சிரமம்தான், ஒப்புக்கொள்கிறேன். அதற்கும் வழி உண்டு: தரவை வெளியே கொடுக்காமல், ஆராய்ச்சியாளரின் கணக்கை உள்ளே ஓடவிட்டு, மொத்த எண்ணிக்கையை மட்டும் வெளியே விடலாம். பிரிட்டனின் ஓப்பன்சேஃப்லி என்ற மருத்துவத் தரவுத் தளம் அப்படித்தான் இயங்குகிறது.

ஈரோடு வாசகர்: சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனையில் என் கிரியாட்டினின் 1.6. பயப்பட வேண்டுமா?

உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள். பழைய அறிக்கைகளையும் எடுத்துப் போங்கள்.

நாகர்கோவில் வாசகர்: ஆபா எண்ணில் காப்பீட்டுத் தொகை எப்போது ஏறும்?

ஏறாது ஐயா, ஏறவே ஏறாது.