முதல் தமிழ் ஊமைப்படம் சென்னைப் புரசைவாக்கத்தில்தான் எடுக்கப்பட்டதா? எடுத்தவர் யார்?

ஆமாம், மில்லர்ஸ் ரோட்டில். எடுத்தவர் ஆர். நடராஜ முதலியார், வேலூர்க்காரர். அதற்கு முன் மோட்டார் உதிரிபாக வியாபாரி! பூனாவில் ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற வெள்ளைக்காரரிடம் கேமரா கற்றுக்கொண்டு, 1917 வாக்கில் இங்கே ஸ்டூடியோ போட்டு ‘கீசக வதம்’ எடுத்தார்.

மின்விளக்கெல்லாம் கிடையாது. மேலே மெல்லிய வெள்ளைத்துணி கட்டி, அதில் வடிந்து வரும் வெயிலில்தான் படப்பிடிப்பு. இயக்கம், கேமரா, எடிட்டிங் எல்லாம் அவரே. ஆனால் பிலிமைக் கழுவ மட்டும் பெங்களூருக்குப் போக வேண்டும். நம்ம ஊர்ச் சூடு அதற்கு ஒத்துவராது. இந்த அலைச்சலுக்கே அவரைக் கும்பிடலாம்.

அப்புறம் சில புராணப் படங்கள். தீ விபத்தில் மகனை இழந்ததும் சினிமாவையே விட்டுவிட்டார். 1971-இல் காலமானார். அவர் படம் ஒன்றுகூட இன்று கிடைப்பதில்லை.

‘காளிதாஸ்’தானே முதல் படம் என்பார்கள் சிலர். அது 1931-இல் வந்த பேசும்படம், கணக்கு வேறு.