சாதாரண சினைப்பை கட்டி குடலை பாதிக்குமா?

கேள்வி: என் அக்காவுக்கு வயசு 36. இடது சினைப்பைல 8 சென்டிமீட்டர் டெர்மாய்டு கட்டி இருக்குன்னு ரெண்டு வருஷம் முன்னாடி ஸ்கேன்ல சொன்னாங்க, கேன்சர் இல்லைன்னதும் அப்படியே விட்டுட்டோம். இப்ப அடிக்கடி வயித்தால போகுது, சளி சளியா வருது, போன வாரம் மோஷன்ல முடி வந்துச்சுன்னு என்கிட்ட மட்டும் சொல்லி அழறா. சாப்பாட்டுல போன முடியா இருக்கும்னு அம்மா சொல்றாங்க. கட்டிக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குமா டாக்டர்?

பதில்: இருக்கலாம்மா, இனிமே தள்ளிப்போடாதீங்க. டெர்மாய்டு கட்டி முட்டை உருவாகுற செல்லுல இருந்து வளருது, அந்த செல்லு உடம்போட எந்த திசுவா வேணா மாறும், அதான் உள்ள தோலு, முடி, கொழுப்பு, சில பேருக்கு பல்லு கூட இருக்கும். கிட்டத்தட்ட எல்லாருக்கும் குடல் பக்கமே இது போகாது. ஆனா அபூர்வமா அந்த எண்ணெய் மாதிரி கொழுப்பு கொஞ்சம் கொஞ்சமா கசிஞ்சு சுத்தி இருக்கிற இடமெல்லாம் புண்ணாகி, கட்டி குடலோட ஒட்டிக்கும், போகப்போக நடுவுல இருக்கிற சுவர் அரிச்சு ஓட்டை விழுந்துரும், அது வழியாதான் முடி வெளிய வரும். அதே வழியா குடல்ல இருக்கிற காத்தும் கிருமியும் கட்டிக்குள்ள போய் சீழ் பிடிக்கும். சிடி ஸ்கேன்ல கட்டிக்குள்ள காத்து தெரிஞ்சாலே எங்களுக்கு சந்தேகம் வந்துரும், கொலனோஸ்கோப்பில, அதாவது ஆசனவாய் வழியா கேமரா விட்டு பாக்கிற டெஸ்ட்ல, குடல் சுவர்ல இருந்து முடிக்கொத்து நீட்டிக்கிட்டு இருக்கிறதை நேராவே பாக்கலாம்.

டெர்மாய்டு கேன்சரா மாறுறது 100ல 1, 2 பேருக்குத்தான். ஆனா குடலை ஓட்டை போட்ட கட்டின்னா அந்த பயமும் சேர்ந்துக்கும், அதனால எடுத்த கட்டி முழுசும் பயாப்சிக்குப் போகணும். மகப்பேறு டாக்டரும் குடல் சர்ஜனும் சேர்ந்து பண்ற ஆபரேஷன் இது, ஓட்டை சின்னதா இருந்தா தைச்சுடுவாங்க, இல்லைன்னா அந்தத் துண்டு குடலை வெட்டி எடுத்துட்டு சேர்ப்பாங்க.

கேன்சர் இல்லைன்னு சொல்லி அனுப்பினவங்க, என்னென்ன தொந்தரவு வந்தா திரும்ப வரணும்னும் சொல்லியிருக்கணும், அதை நினைச்சா வருத்தமாத்தான் இருக்கு. முடி வந்ததைச் சொல்ல அக்கா வெக்கப்பட வேண்டாம், நோயைக் கண்டுபிடிக்க அதைவிட பெரிய தடயம் இல்ல. பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டையும் எடுத்துட்டுப் போங்க. வயிறு உப்பி, வாந்தி எடுத்து, காத்தே பிரியலைன்னாலோ திடீர்னு தாங்க முடியாத வலியோ காய்ச்சலோ வந்தாலோ அப்பாயின்ட்மென்ட்டுக்கு காத்திருக்காம நேரா எமர்ஜென்சிக்கு கூட்டிட்டுப் போயிடுங்க.