வெளியூர் எங்கும் போகாமல், பக்கத்து மலையையும் கண்மாயையும் பழைய கோயிலையும் மட்டும் படமெடுத்து ஓர் ஒளிப்படக்காரர் புதிதாக என்ன செய்துவிட முடியும்?

நிறையச் செய்யலாம். எனக்கு மதுரைப் பக்கம். மேலூருக்கு அருகில் இருக்கும் அரிட்டாபட்டி மலைகளைத்தான் வருடக்கணக்கில் சுற்றிச் சுற்றி எடுத்துக்கொண்டிருக்கிறேன். அதை வைத்தே சொல்கிறேன்.

அங்கே என்ன இருக்கிறது? ஏழு மொட்டைப் பாறைக் குன்றுகள். குகைத் தளத்தின் நெற்றியில் தமிழி (தமிழ் பிராமி) எழுத்துக் கல்வெட்டு. பாண்டியர் காலத்துக் குடைவரைச் சிவன் கோயில். அதில் தமிழ்நாட்டில் அபூர்வமாகவே காணக் கிடைக்கும், சிவனின் அவதாரமாகக் கருதப்படும் லகுலீசரின் சிற்பம். கீழே கண்மாய், அதை ஒட்டி வயல். மேலே வல்லூறும் ராசாளியும். 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது இந்த இடத்தைத்தான்.

வருகிறவர்களைப் பார்த்தால் மூன்று கூட்டம். பறவைக்காரர்கள் நீள லென்ஸில் வல்லூறை மட்டும் பிடிப்பார்கள். பின்னால் மலை இருந்ததற்கான அடையாளமே படத்தில் இருக்காது. தொல்லியல் ஆர்வலர்கள் எழுத்தை மட்டும் நெருக்கி எடுப்பார்கள். மற்றவர்களுக்குக் கண்மாயில் சூரியன் விழும் காட்சி. மூன்றும் நல்ல படங்கள்தான். ஆனால் மலை, தண்ணீர், எழுத்து, பறவை எல்லாம் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கிற இடம் அது. அந்தப் பிடிமானத்தை எடுக்க ஆள் குறைவு. உள்ளூர்க்காரருக்குப் புதிதாகச் செய்ய இருப்பது அங்கேதான் என்பது என் எண்ணம்.

ஓர் உதாரணம். சமணத் துறவிகள் தங்கிய குகைகளின் முகப்பில், பாறை நெற்றியின் குறுக்கே ஒரு காடி, அதாவது நீளப் பள்ளக்கோடு, வெட்டியிருப்பார்கள். மழைத்தண்ணீர் பாறையோடு ஒட்டிக்கொண்டே உள்ளே வழிந்து படுக்கையை நனைக்காமல், அந்த விளிம்பில் அறுபட்டு வெளியே சொட்ட வேண்டும் என்பதற்கான ஏற்பாடு. கல்வெட்டும் பெரும்பாலும் அந்தக் காடியை ஒட்டித்தான் இருக்கும். இன்ன ஊர்க்காரர் இந்தக் குகையைச் செய்து கொடுத்தார் என்கிற அளவுக்குச் சுருக்கமான செய்தி. அரிட்டாபட்டியில் அப்படிக் கொடுத்தவர் நெல்வெளி என்ற ஊர்க்காரர். வெயில் நாளில் போனால் காடி வெறும் கோடு. ஐப்பசி மழையில் போய்ப் பாருங்கள். குகைக்குள் உட்கார்ந்து வெளியே பார்த்து எடுத்தால், வாசல் முழுக்க நீர்த்திரை, அதற்கு அப்பால் நிறையத் தொடங்கும் கண்மாய். இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் ஒரு கல்தச்சர் செய்த வேலை இன்றைக்கும் ஓடிக்கொண்டிருப்பது ஒரே ஃபிரேமில் வந்துவிடும். நல்ல வெளிச்சத்துக்காகக் காத்திருப்பவருக்கு இந்தப் படம் கிடைக்காது.

வெளிச்சம் என்றதும் ஒன்று. அதிகாலை, அந்தி தவிர கேமராவைத் தொடாதே என்று எல்லா வீடியோவிலும் சொல்வார்கள். நிலக்காட்சிக்குச் சரி. செங்குத்துப் பாறையில் செதுக்கிய புடைப்புச் சிற்பத்துக்கு அந்த விதியை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். முகத்துக்கு நேராக வரும் காலை வெயிலில் சிற்பம் தட்டையாகிவிடும். மதுரை ஏறத்தாழ 10 பாகை வட அட்சத்தில் இருப்பதால், ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. பகல் பன்னிரண்டே காலை ஒட்டி, வெயில் பாறையை மேலிருந்து கீழாக உரசிக்கொண்டு இறங்கும். புருவம், மூக்கு, விரல் எல்லாவற்றுக்கும் அடியில் மெல்லிய நிழல். கொஞ்ச நேரம்தான் நிற்கும். வடக்கு பார்த்த பாறைக்கு அந்த இரண்டு தேதிகளுக்கு இடைப்பட்ட மாதங்களில் மட்டும்தான் நண்பகல் வெயிலே விழும். பாறை எந்தத் திசையைப் பார்க்கிறது என்று குறித்துக்கொண்டு வந்தால், எந்த மாதம் போக வேண்டும் என்பது வீட்டிலிருந்தே தெரிந்துவிடும். வெயில் எட்டாத குகை எழுத்துக்கு, கேமராவை நேராக வைத்து, டார்ச்சைப் பாறையோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடியுங்கள். எழுத்து தெரிய வேண்டும் என்று சுண்ணாம்புக்கட்டியால் தடவுகிற பழக்கம் இன்னும் இருக்கிறது. பார்த்தால் தயவுசெய்து தடுங்கள்.

தூத்துக்குடி மாவட்டத்துக் கழுகுமலைக்கும் இதே பார்வை உதவும். வெட்டுவான் கோயில் விமானத்தை முன்னாலிருந்து எடுத்த படம் ஆயிரம் இருக்கிறது. மத்தளம் வாசிக்கும் தட்சிணாமூர்த்தியும் நிறையப் பேர் கேமராவில் விழுந்திருக்கிறார். எனக்குப் பிடித்தது அடிப்பகுதி. ஒற்றைப் பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டே வந்து, முடிக்காமல் விட்ட கோயில் அது. உச்சியில் அத்தனை நுணுக்கம், கீழே வந்தால் உளித்தடம் மட்டும் இருக்கும் முரட்டுக் கல். வேலை நின்ற அந்த எல்லையை, சுற்றியுள்ள பாறைச் சரிவோடு சேர்த்து எடுத்தால், மலைதான் கோயிலானது என்பது தானாகப் புரியும்.

இந்தப் படங்களால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு 2024 கடைசியைச் சொல்வேன். நவம்பரில் அரிட்டாபட்டிப் பகுதியையும் சேர்த்து டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்ட செய்தி வந்து மேலூர் வட்டாரமே தெருவில் நின்றது. 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அதைச் சாதித்தது ஊர்மக்கள், படமில்லை. ஆனால் அந்த மாதங்களில் என்னிடம் படம் கேட்டவர்கள் யாரும் அந்திச் சூரியனைக் கேட்கவில்லை. குன்று, அதிலிருந்து ஓடைத் தடம், கண்மாய், மடை, நெல் வயல் எல்லாம் ஒரே படத்தில் இருக்கிறதா என்றுதான் கேட்டார்கள். மேகமூட்டமான நாளில் எடுத்த, பார்வைக்குச் சாதாரணமான படம்தான் அதிகம் சுற்றியது.

கேமரா எது என்று கீழே யாராவது கேட்பீர்கள். கையில் இருப்பது போதும், பொருத்திக்கொள்ள ஓர் அகலக் கோண லென்ஸ் இருந்தால் நல்லது. பாதுகாக்கப்பட்ட சின்னங்களில் டிரைபாடுக்கும் டிரோனுக்கும் அனுமதி தேவைப்படும், முன்பே விசாரித்துவிடுங்கள். வல்லூறு கூடு வைத்திருக்கும் பாறைப் பக்கம் டிரோன் வேண்டவே வேண்டாம். கூடு இருக்கும் இடத்தைப் படத்தோடு வெளியிடாதீர்கள், எனக்கு உள்பெட்டியில் கேட்டாலும் சொல்ல மாட்டேன். ஊரில் யாரிடமாவது சொல்லிவிட்டு மலையேறுங்கள். ஆடு மேய்க்கும் பெரியவர்களுக்கு எந்தச் சுனையில் எந்த மாதம் தண்ணீர் இருக்கும் என்பது அத்துப்படி. ஐப்பசியில் போவதானால் பிடிமானமுள்ள செருப்பு அவசியம். பாறை பயங்கரமாக வழுக்கும்.